நிமோனியா ஊசி: எங்கள் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வைத்தியர் இல்லை. திருகோணமலை நகரில் ஒரு பார்மசியில் பதினாறு வருடமாக மருந்தாளராக நிற்கிறேன். மாரி தொடங்கி வாடைக்காற்று அடித்தால் போதும், சளி, இருமல், காய்ச்சல் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். கூடவே 'நிமோனியா ஊசி' பற்றிய கேள்விகளும் வரும். நிலாவெளி அம்மா காலையில் கேட்டதையே கிண்ணியாப் பாலம் தாண்டி வருகிற வாப்பா பின்னேரம் கேட்பார். ஒரே பதிலை நாளைக்கு நாலு தரம் சொல்லி வாய் களைத்ததால் எழுதி வைத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பிள்ளையைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் வைத்தியர்தான்.

நிமோனியா ஊசி எண்டுறது எது? கிளினிக்கில மிஸ் போடுற ஊசியில இது இல்லையா?

இல்லை. நியூமோகொக்கஸ் என்ற கிருமிக்கு எதிரான ஊசி இது, பி.சி.வி. என்று சொல்வார்கள். இதை எழுதும்போது இலங்கையின் தேசிய தடுப்பூசி அட்டவணையில் இது சேர்க்கப்படவில்லை. பிறந்ததும் பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் பென்டா (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), கூடவே போலியோ, 9 மாதத்தில் எம்.எம்.ஆர்., 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் (ஜே.ஈ.) ஊசி. இவையெல்லாம் இலவசம், கிளினிக் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் வரி இருக்கும். பி.சி.வி.க்கு அந்த வரி இல்லை. அதனால்தான் 'மிஸ் சொல்லவே இல்லையே' என்று பலர் கேட்கிறார்கள். மிஸ் மறக்கவில்லை, அவரிடம் கொடுக்கப்பட்ட பட்டியலில் அது இல்லை. வேண்டுமென்றால் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

அப்ப பென்டாவில நிமோனியாவுக்கு ஒண்டுமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறு கிருமிக்கு. பென்டாவில் உள்ள ஐந்தில் ஒன்று ஹிப் என்ற கிருமிக்கு எதிரானது. அதுவும் நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் கொண்டுவரும். நம் நாட்டில் பென்டா 2008 இல் வந்தது. சில மரணங்கள் பற்றிய முறைப்பாடுகளால் அதே வருடம் நிறுத்தி, விசாரித்து, ஊசிதான் காரணம் என்று காட்ட ஆதாரம் இல்லாததால் 2010 இல் திரும்பவும் தொடங்கினார்கள். வயதான ஆட்கள் சிலர் அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: நிமோனியா என்பது ஒரு கிருமியின் பெயர் அல்ல, நுரையீரலுக்கு வருகிற நிலை. வைரஸாலும் வரும், ஹிப்பாலும் வரும், நியூமோகொக்கஸாலும் வரும். ஒரு ஊசி ஒரு கதவைத்தான் பூட்டும்.

மழையில நனைஞ்சா, ஐஸ்கிரீம் குடிச்சா இந்தக் கிருமி வருமா?

மழை கிருமியைக் கொண்டுவராது. கிருமி ஏற்கெனவே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மூக்கில் இருக்கிறது; உங்கள் பிள்ளையின் மூக்கிலும் இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் பலர் இதை மூக்கிலும் தொண்டையிலும் வைத்துக்கொண்டு ஒரு நோயுமில்லாமல் ஓடித் திரிவார்கள். தும்மலிலும் எச்சிலிலும் அது அடுத்தவருக்குப் போகும். முன்பள்ளி இதற்கு நல்ல சந்தை.

மாரியில் ஏன் கூடுகிறது என்றால், எல்லாரும் யன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறைக்குள் இருக்கிறோம், சளி வைரஸ்கள் சுற்றுகின்றன. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்பக்கத்தைப் புண்ணாக்கிவிட்டுப் போகும். மூக்கில் சும்மா இருந்த நியூமோகொக்கஸுக்கு அப்போது வழி கிடைக்கும். அம்மம்மா துவாயோடு துரத்துவதில் தவறில்லை. ஆனால் வீட்டுக்குள் சிகரெட்டும் விறகுப் புகையும் செய்கிற கெடுதல் மழைத்துளியை விட எத்தனையோ மடங்கு.

'கடுமையான தொற்று' எண்டு எதைச் சொல்லுறாங்க? சாதாரண சளிக்கும் அதுக்கும் எப்பிடி வித்தியாசம் பிடிக்கிறது?

கிருமி இருக்கக்கூடாத இடம் என்று உடம்பில் சில உண்டு: இரத்தம், மூளையையும் முள்ளந்தண்டையும் சூழ்ந்த நீர், நுரையீரலைச் சுற்றிய இடம். நியூமோகொக்கஸ் அங்கே போய்விட்டால் அதுதான் வைத்தியர்கள் சொல்லும் ஊடுருவும் தொற்று. இரத்தத்தில் கிருமி பரவுவதும் மூளைக்காய்ச்சலும் இதில் அடங்கும். மூளைக்காய்ச்சலில் உயிர் தப்பிய பிள்ளைக்குக் கேட்காமல் போகலாம், வலிப்பு வந்துகொண்டே இருக்கலாம். இதே கிருமி காதுக்குள் வரும் குத்து வலியையும் சாதாரண நிமோனியாவையும் கொண்டுவரும். இரத்தத்தில் பிடிபடாத நிமோனியாதான் எண்ணிக்கையில் மிக அதிகம்.

வீட்டில் பார்க்க வேண்டியது மூச்சு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம், பத்து மாதப் பிள்ளையோடு ஒரு தங்கச்சி இருமல் பாணி கேட்டு வந்தாள். பிள்ளை தோளில் சாய்ந்து கிடந்தது, அழவில்லை. அழாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டு, கவுண்டரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினேன்: 64. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. பாணி கொடுக்கவில்லை, ஓட்டோ பிடித்துக் கொடுத்தேன். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளை சுகமாகி வந்தது. எந்தக் கிருமி என்று கடைசிவரை தெரியவில்லை.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போனால், பால் குடிக்காவிட்டால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் மயங்கிக் கிடந்தால் பார்மசிக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊசி போட்டும் என்ர மகனுக்கு மாசத்துக்கு ஒருக்கா சளி. காசு வீண்தானே அக்கா?

சளிக்காக நீங்கள் அந்த ஊசியைப் போடவில்லை. சளி பெரும்பாலும் வைரஸ். ஊசியின் வேலை மேலே சொன்ன இரத்தத்தையும் மூளையையும் காப்பது. அது வராமல் போனதை நீங்கள் கண்ணால் காண மாட்டீர்கள். இதைச் 'சளி ஊசி' என்று சொல்லி விற்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். ஏமாற்றம் அந்தப் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது.

இது உண்மையா வேலை செய்யுதெண்டு எப்பிடித் தெரியும்? கொம்பனிக்காரன் சொல்லுற கதைதானே?

நல்ல சந்தேகம். கொம்பனியின் பரீட்சைகளை ஒதுக்கிவிட்டு, நாடுகளின் கணக்கைப் பார்க்கலாம். இந்தக் கிருமியில் பல வகை உண்டு; அமெரிக்காவில் 2000 இல் அதில் ஏழு வகைக்கான முதல் ஊசி வந்தது. அதற்கு முன், 1998-99 இல், ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு இலட்சம் பிள்ளைகளில் வருடத்துக்கு ஏறத்தாழ 99 பேருக்கு ஊடுருவும் தொற்று வந்தது. 2008 இல் அது 21. 2010 இல் 13 வகை ஊசிக்கு மாறியபின் இன்னும் இறங்கியது. தென்னாபிரிக்கா 2009 இல் தொடங்கியது. 2012 ஆகும்போது இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் இலட்சத்துக்கு 54.8 என்றிருந்தது 17 ஆகியது. அது எயிட்ஸ் நோயும் வறுமையும் கூடிய நாடு, 'பணக்கார நாட்டில்தான் வேலை செய்யும்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. காம்பியாவில் 2005 இல் வெளியான ஆய்வில், ஊசி போட்ட பிள்ளைகளில் எல்லாக் காரணங்களாலும் வரும் மரணமே 16 சதவீதம் குறைவு.

எனக்கு ஆச்சரியமானது இன்னொன்று. அமெரிக்காவில் ஊசி போட்டது குழந்தைகளுக்கு. நோய் குறைந்தது தாத்தா பாட்டிகளுக்கும்தான். பேரப்பிள்ளையின் மூக்கில் கிருமி இல்லையென்றால் மடியில் வைத்துக் கொஞ்சுகிற அப்பப்பாவுக்கு அது வர வழி குறைவு.

அவ்வளவு நல்லதெண்டா அரசாங்கம் ஏன் சும்மா போடேல்ல? இந்தியாவில போடுறாங்களாமே?

இந்தியா 2017 இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021 இல் நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. அங்கே 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தரம்.

நம் நாட்டுத் தடையில் பெரியது காசு. விலை கூடிய ஊசிகளில் இது ஒன்று. ஏழை நாடுகளுக்கு ஊசி வாங்க உதவும் கவி (Gavi) அமைப்பின் உதவிக் காலத்தை இலங்கை, வருமானம் கூடிய நாடு என்ற கணக்கில், தாண்டிவிட்டது. பிறகு 2022 இல் பொருளாதார நெருக்கடியில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்; பனடோலுக்கே வரிசை. நம் குழந்தை மரண வீதம் பெரும்பாலான அயல் நாடுகளை விடக் குறைவாக இருப்பதும் 'அவசரமில்லை' என்று சொல்ல இடம் கொடுக்கிறது. என் கருத்தைக் கேட்டால், சேர்க்க வேண்டும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் போடும்போது, முன் பதிலில் சொன்ன ஊர் முழுவதற்குமான பாதுகாப்பு கிடைக்காது.

ஒரு வகையை அடக்கினா இன்னொரு வகை எழும்புமாம். யூடியூப்பில ஒரு டொக்டர் சொன்னவர். பொய்யா?

பொய் இல்லை, பாதிக் கதை. இந்தக் கிருமியில் நூறு வகைக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு சர்க்கரைக் கூட்டினால் ஆன உறை போர்த்தியிருக்கும். ஊசி அந்த உறையை அடையாளம் காட்டுகிறது. ஏழு வகை ஊசி அமெரிக்காவில் அந்த ஏழையும் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தது. மூக்கில் வெற்றிடம் வந்தது. 19ஏ என்ற வகை, அதுவும் மருந்துக்கு மசியாதது, அந்த இடத்தைப் பிடித்தது. பிறகு 19ஏயையும் சேர்த்த 13 வகை ஊசி வந்து அதை இறக்கியது. இங்கிலாந்தில் ஊசியில் இல்லாத வகைகள் முதியவர்களிடம் நன்றாகவே ஏறி, அங்கே கிடைத்த இலாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டன.

மீதிக் கதை இதுதான்: புதிதாக ஏறியது, இறங்கிய அளவுக்கு ஏறவில்லை, முக்கியமாகப் பிள்ளைகளில். மேலே சொன்ன 99, 21 இரண்டும் எல்லா வகையையும் சேர்த்த கணக்கு. 19ஏ ஏறியதும் அந்த 21 க்குள்தான் இருக்கிறது. வயலில் கோரையைப் பிடுங்கினால் வேறு புல் முளைக்கும்தான், அதற்காகத் தம்பலகாமத்தில் யாரும் களை பிடுங்காமல் விடுவதில்லை.

லண்டனில இருக்கிற தங்கச்சி சொல்லுறா, அங்க இந்த வருத்தம் வாற பிள்ளைகளில ஊசி போட்டவைதான் கூடவாம். அப்ப?

இது எல்லாரையும் மடக்குகிற கேள்வி, என்னையும் ஒருகாலத்தில் மடக்கியது. கடுதாசியில் எழுதிப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. ஒரு ஊரில் 10,000 பிள்ளைகள். 9,500 பேருக்கு ஊசி போட்டாயிற்று, 500 பேருக்கு இல்லை. ஊசி போட்டவர்களில் 19 பேருக்கும் போடாதவர்களில் 5 பேருக்கும் நோய் வந்தது என்று வையுங்கள். வார்ட்டில் எட்டிப் பார்த்தால் 24 பேரில் 19 பேர் ஊசி போட்டவர்கள்! ஆனால் ஆயிரத்துக்கு எத்தனை என்று பாருங்கள்: ஊசி போட்டவர்களில் 2, போடாதவர்களில் 10. ஐந்து மடங்கு.

எல்லாரும் ஊசி போட்ட ஊரில் நோயாளியும் பெரும்பாலும் ஊசி போட்டவராகத்தான் இருப்பார். அதோடு, அந்த 19 பேரில் பலருக்கு வந்தது ஊசியில் இல்லாத வகையாக இருக்கும். காரணம் மேல் பதிலில். 3 என்ற ஒரு வகை மட்டும் 13 வகை ஊசியில் இருந்தும் அவ்வளவாக அடங்கவில்லை. அதன் உறை தடிப்பானது, கழன்று கழன்று விழுவது. நம் உடம்பின் எதிர்ப்பு அந்தக் கழன்ற உறையோடு மல்லுக்கட்டி வீணாகிறது.

கொரோனா நேரம் ஊசி இல்லாமலே குறைஞ்சதாமே?

2020 இல் பல நாடுகளில் சட்டென்று குறைந்தது உண்மை. சுவையான விஷயம், இஸ்ரேலில் பார்த்தபோது பிள்ளைகளின் மூக்கில் கிருமி ஏறத்தாழ முன்னளவே இருந்தது. நோய் மட்டும்தான் குறைந்தது. காணாமல் போனது இன்புளுவன்சா, ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்கள். மழைக் கேள்விக்குச் சொன்ன 'வழி திறந்து விடுகிற வைரஸ்' இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. ஊரடங்கு நீக்கப்பட்டு வைரஸ்கள் திரும்பியதும் நோயும் திரும்பியது. ஆகவே 2019 ஐயும் 2020 ஐயும் மட்டும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற படத்தை நம்பாதீர்கள். ஊசியின் பலனைச் சொல்ல நாலைந்து வருடக் கோடு வேண்டும்.

எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி மிஸ் ஒராள் சொன்னவ, இங்க இந்தக் கிருமியைக் கண்டதே இல்லையாம். அப்ப இங்க இல்லத்தானே?

காணாததும் இல்லாததும் ஒன்றல்ல. இந்தக் கிருமியைப் பிடிக்க இரத்தம் எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். அது நோஞ்சான் கிருமி, ஒரு வேளை அன்டிபயோட்டிக் உள்ளே போயிருந்தாலே வளராது. நம் பிள்ளைகளில் ஆஸ்பத்திரிக்குப் போக முன் அமொக்சிசிலின் குடிக்காதது எத்தனை? இதில் பார்மசிக்காரரான எங்களுக்கும் பங்கு உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. வைத்தியரின் துண்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை என்பதால் என்னோடு சண்டை பிடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்கள் நிறைய.

மற்றது, ஒரு மாவட்டத்தின் எண்ணிக்கை சிறியது. ஒரு வருடம் மூன்று, அடுத்த வருடம் ஒன்று என்றால் அதை வைத்து நோய் குறைகிறது என்றும் சொல்ல முடியாது, கூடுகிறது என்றும் சொல்ல முடியாது.

10, 13, 15, 20 எண்டெல்லாம் இருக்கே. பெரிய நம்பர்தான் நல்லமா?

எண், எத்தனை வகைக்கு எதிரானது என்பதைச் சொல்கிறது. ஆனால் ஒரே எண் என்றால் ஒரே ஊசி அல்ல. சின்ஃப்ளோரிக்ஸும் 10, இந்தியாவின் நியூமோசிலும் 10. நியூமோசிலில் 19ஏ இருக்கிறது, சின்ஃப்ளோரிக்ஸில் இல்லை. பிரிவெனார் 13 இலும் அது இருக்கிறது. 15, 20 வகை ஊசிகள் பிந்தி வந்தவை. கடையில் இல்லாத 20க்காகக் காத்திருந்து பிள்ளையின் முதல் வருடத்தை விடுவதை விட, இருக்கிற நல்ல ஊசியை நேரத்துக்குப் போடுவது மேல். தொடங்கிய ஊசியிலேயே முடிக்கப் பாருங்கள்.

பிள்ளைக்கு ஒன்றரை வயசாச்சு. பிந்திட்டுதா?

இல்லை. ஆறு வாரத்திலிருந்து போடலாம், ஒரு வயதுக்குள் தொடங்கினால் மொத்தம் மூன்று அல்லது நாலு தரம், வைத்தியர் சொல்கிறபடி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் தொடங்கினால் பொதுவாக இரண்டு தரம், எட்டு வார இடைவெளியில். சுகதேகியான பிள்ளை இரண்டு வயதைத் தாண்டிவிட்டால் ஒரு தரம். பிந்தினால் ஊசி குறைவு என்று சந்தோசப்பட வேண்டாம், ஆபத்து கூடிய காலம் முதல் இரண்டு வருடம்தான்.

ஊசியை உங்களிட்ட வாங்கி வீட்ட ஃபிரிஜ்ஜில வைச்சிட்டு, சனிக்கிழமை சனலுக்கு (தனியார் வைத்தியரிடம்) கொண்டு போகட்டா?

வேண்டாம். இந்த ஊசி 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடு கெடுக்கும், உறைவது அதைவிட மோசம். வீட்டு ஃபிரிஜ்ஜில் ஐஸ் பெட்டிக்குக் கீழே மீனோடு வைத்தால் உறையும், கதவில் வைத்தால் சூடாகும். கையில் எடுத்துப் பாருங்கள்: நிற்க வைத்த ஊசிக்குழாயில் வெள்ளைப் படிவு அடியிலும் தெளிந்த நீர் மேலேயும் இருக்கும். குலுக்கினால் ஒரேசீராகப் பால் நிறமாக வர வேண்டும். கட்டி கட்டியாக நின்றால் போடக்கூடாது.

2022 இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு நடந்த நாட்களில் நாங்கள் ஊசி எடுப்பதையே நிறுத்தி வைத்தோம். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, பொய் சொல்லி விற்க மனமும் இல்லை. இப்போது, சனலுக்குப் போகிற நேரம் வாருங்கள். ரெஜிபோம் பெட்டியில், ஐஸ் கட்டியில் ஊசி முட்டாதபடி கடுதாசி சுற்றித் தருவோம். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் மோட்டர்சைக்கிள் சீற்றுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள்.

போட்டாப் பிறகு காய்ச்சல் வருமா?

சிலருக்கு ஒரு நாள், இரண்டு நாள் வரும். தொடை வீங்கும், பிள்ளை சிணுங்கும், கூட நித்திரை கொள்ளும். நிறைக்கு ஏற்ற அளவில் பனடோல் போதும். ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, ஆகவே ஊசியால் நிமோனியா வராது. கடும் ஒவ்வாமை மிக அபூர்வம். அதற்காகத்தான் போட்ட இடத்திலேயே இருபது நிமிடமாவது இருக்கச் சொல்கிறார்கள்.

அம்மம்மாவுக்கும் இதே ஊசியா?

முதியவர்களுக்கும் பி.சி.வி. போடலாம். 23 வகைக்கான பழைய ஊசி ஒன்றும் உண்டு. அது பெரியவர்களுக்கு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடம்பு அதற்குப் பதில் சொல்லாது. வெறும் சர்க்கரை உறையைக் குழந்தை உடம்பு கவனிப்பதில்லை. அதனால்தான் பி.சி.வி.யில் உறையைப் புரதத்தோடு பிணைத்துக் கொடுக்கிறார்கள். எண் பெரிது, விலை குறைவு என்று அதைப் பேரப்பிள்ளைக்குக் கேட்காதீர்கள்.

காசு ஒரு ஊசிக்குத்தான் காணும். ஒண்டு மட்டும் போட்டா பிரயோசனம் இருக்கா?

இந்தக் கேள்வியைத்தான் ஆட்கள் மெதுவாக, மற்றவர் காதில் விழாமல் கேட்கிறார்கள். முதலில், கிளினிக்கின் இலவச ஊசி ஒன்றையும் இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தைக்கு ஒரு ஊசி அரைகுறைப் பாதுகாப்பு. தொடரத் தொடங்கினால் இடைவெளி நீண்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். ஆகவே காசு சேரச் சேரப் போடுவதில் வெட்கமில்லை, எப்போது எது என்று வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தலசீமியா, மண்ணீரல் எடுத்தது, பிறவி இருதய நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு என்று ஏதாவது உள்ள பிள்ளை என்றால், கடைக்கு வருமுன் அந்த நோய்க்கான கிளினிக்கின் வைத்திய நிபுணரிடம் ஆஸ்பத்திரி மூலம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

வரும்போது கிளினிக் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். இதற்கென்று வரி இல்லாததால், பெட்டியில் உள்ள தொகுதி இலக்கத்தையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதி ஜே.ஈ. ஊசி வரிக்குப் பக்கத்து ஓரத்தில் ஒட்டித் தருவேன். அடுத்த முறை 'என்ன போட்டது எண்டு மறந்துபோச்சு' என்று நீங்கள் திரும்பி வராமல் இருக்க.